பைக்கு மேலே கீரைக்கட்டு

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் பேப்பர் படிக்க மாட்டார்கள். பையைத்தான் படிப்பார்கள். பெரிய மார்க்கெட்டிலிருந்து ஆம்பிளைகள் காய்கறிப் பையோடு திரும்பும் நேரம் அது. முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க மில்லுக்காரர்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை அது பையாக மாறித் தெருவில் நடந்து வரும். வாசலில் நிற்பவர்கள் பையின் வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். முட்டைக்கோஸ் தலை நீட்டினால் ஓவர்டைம் கிடைத்திருக்கிறது. நீட்டு ரொட்டி எட்டிப் பார்த்தால் போனஸ். கத்திரிக்காயும் வாழைக்காயும் என்றால் எப்போதும்போல. கீரைக்கட்டு மேலே தெரிந்தால் முடிந்தது கதை, அந்த வீட்டு ஆளுக்கு மில்லில் வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மில் மூடிக் கிடந்த நாட்களில் அந்தத் தெரு மொத்தமும் முருங்கைக்கீரையைத் தின்றுதான் உயிர் பிழைத்தது. வேலை திரும்பக் கிடைத்ததும் எல்லோரும் செய்த முதல் காரியம், கீரையை வீட்டுக்குள் விடாமல் வாசலோடு நிறுத்தியது. என் வீட்டுக்காரர் அதில் எல்லோருக்கும் ஒரு படி மேலே. தறியில் நின்று நெய்கிறவர். "கீர திங்கறதுக்கா நாள்பூரா நின்னுட்டு வரேன்?" என்பார். வாசலோடு போகிற கீரைக்காரியை நான் கூப்பிடக்கூடாது. மற்றபடி தங்கமான மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு அந்தப் பை. மில் காடாத் துணியை வாங்கி அவரே தைத்தது. அதை அவர் அடுக்குகிற அழகு இருக்கிறதே, கல்யாண வீட்டில் சீர்த்தட்டு அடுக்குகிறவர்கள் வந்து கற்றுக்கொள்ள வேண்டும். உருளைக்கிழங்கு அடியில், நூல்கோல் நடுவில், காலிஃப்ளவர் மேலே, ஓரமாக ரொட்டி ஒரு முழம் வெளியே. மார்க்கெட்டில் வாங்கி முடித்த பிறகு ஒரு கடை ஓரமாக நின்று மறுபடி ஒருமுறை அடுக்கிவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைவார்.

எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தெருவிலேயே மில்லுக்குப் போகாத வீடு அது ஒன்றுதான். அவர் பைதான் எங்கள் தெருவுக்குப் பொன் உரைக்கும் கல். அதில் என்ன இருக்கிறதோ அதை வாங்க அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

நான் சொல்ல வந்தது, பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம் நடந்தது. எங்களுக்கு ஒரே பெண். ஆறு வயது. விளக்கேற்றும் நேரம் வந்தால் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். விளையாடப் போன பிள்ளைகளெல்லாம் இன்னும் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும், இவள் மட்டும் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். இருட்டென்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்தோம். ஒருநாள் அந்தி வேளையில் சோற்றுத் தட்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் தட்டுக்குப் பக்கத்தில் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா கண்ணை விரித்துப் பார்த்தார். வெள்ளை விழி ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்தது மாதிரி ஒரு திட்டு இருந்தது. மாலைக்கண் என்றார். ஒரு பாட்டில் மீன் எண்ணெய் கொடுத்து, தினமும் கொடுக்கச் சொன்னார். "சாப்பாடு நல்லதா வாங்கிக் குடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

நல்லது என்றால் என்ன? அதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். டாக்டரம்மா சொன்னதை நான் வீட்டில் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் நேரே போனது கடற்கரைப் பக்கம், வெள்ளைக்காரத் தெருவில் இருந்த பெரிய மளிகைக்கு. மகசேன் என்றுதான் சொல்வோம். கூரை வரைக்கும் கண்ணாடி அலமாரி, அலமாரி முழுக்க டின்கள். டின்மேல் எழுதியிருப்பதை எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்து விரலை நீட்ட வேண்டியதுதான். கொழுகொழு பிள்ளை படம் போட்ட டின்பால், பிஸ்கோத்து, ஜீனி எல்லாம் வந்தது. தினம் ரொட்டி வந்தது. புழுங்கலரிசியை நிறுத்திவிட்டு மல்லிகைப் பூ மாதிரி தீட்டிய அரிசி வந்தது. ஊரில் எது வெளுப்பாக இருந்ததோ, எது டின்னுக்குள் இருந்ததோ, அதுதான் எங்களுக்கு நல்லது. அவர் அந்த வாரங்களில் தன் வாய்க்கு ஒரு டீகூட வாங்கிக் குடித்திருக்க மாட்டார். பையிலிருந்து டின்களை எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, "எல்லாம் உனக்குத்தான்" என்று பெண்ணிடம் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

மீன் எண்ணெய் இருந்த வரைக்கும் கண் தேவலையாகத்தான் இருந்தது. ரொட்டியும் பாலும்தான் வேலை செய்கின்றன என்று நாங்கள் பூரித்துப் போனோம். பெண் கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியது. பாட்டில் தீர்ந்து சில மாதத்துக்கெல்லாம் மறுபடி சுவரைத் தடவ ஆரம்பித்தாள்.

இரண்டாம் தடவை டாக்டரம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. "என்னா வாங்கிக் குடுக்குறீங்க, வரிசையா சொல்லு" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். ரொட்டி, டின்பால், ஜீனி, உருளைக்கிழங்கு, நூல்கோல், காலிஃப்ளவர், முதல்தரம் அரிசி, பிஸ்கோத்து.

"இதுல வெள்ளையா இல்லாதது ஒண்ணு சொல்லு."

நான் யோசித்தேன். "பிஸ்கோத்து" என்றேன்.

அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. பெண்ணை இழுத்துத் தன் முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு சொன்னார். "இந்தக் கண்ணு கேக்கறது பச்சையும் மஞ்சளும். முருங்கக்கீர, அரக்கீர, பரங்கிக்கா, பப்பாளி. எவ்வளவு அழுத்தமான நெறமோ அவ்வளவு நல்லது. வாரத்துக்கு ஒருதரம் ஆட்டு ஈரல். முட்ட. கீரய ஒரு கரண்டி எண்ணெ ஊத்தி வதக்கு. இன்னும் இப்படியே விட்டா பகல்லயும் தெரியாம போயிடும்."

"அந்த மீன் எண்ணெ?"

"தீந்து போச்சு. எப்ப வரும்னு தெரியல. வர்ற வரைக்கும் உன் பைதான் மருந்து."

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் நடந்தது சண்டை என்றால் அது குறைத்துச் சொல்வது. அவர் முதலில் நம்பவே இல்லை. கண்ணுக்கு மருந்து மகசேனில் இல்லாமல் குப்பைமேட்டு முருங்கையிலா இருக்கும் என்றார். நம்பிய பிறகும் கீரையைத் தன்னால் தூக்கி வர முடியாது என்றார்; நானே போய் வாங்கி வருகிறேன் என்றதும் வேறு பக்கம் வந்தார்.

"சரி, வாங்கு. ஆனா மேல வெச்சித் தூக்கிட்டு வராத. அடியில வெச்சிடு."

"அடியில வெச்சா நசுங்கிக் கூழாயிடும். அப்பறம் மாட்டுக்குத்தான் வெக்கணும்."

"அப்ப மேல துண்டு போட்டு மூடிக்கோ."

"பொணமா தூக்கிட்டு வரேன், மூடிக்கிட்டு வர்றதுக்கு?"

"தெருவுல என்னா சொல்லுவான் தெரியுமில்ல?"

"சொல்லட்டும். தெருவுக்கு கண்ணு நல்லாத்தான் தெரியுது. எம் பொண்ணுக்குத்தான் தெரியல."

கோபத்தில் ஆரம்பித்தது என் அழுகையில் முடிந்தது. அழுதாலும் நான் முடிவு செய்தது மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் எதிரிலேயே படியிறங்கினேன். எங்கள் தெருவில் அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பையை எந்தப் பெண்பிள்ளையும் தூக்கியதில்லை. வார நாளில் வாசலில் வாங்குவோம், ஞாயிறு ஆண்களுக்கு. பெண்ணையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன். எதற்கென்று கேட்டால், டாக்டரம்மா சொன்ன நிறம் அவளுக்கும் தெரியட்டுமே என்றுதான்.

பெரிய மார்க்கெட்டுக்குள் போனதும் ஒரு நிமிஷம் மலைத்து நின்றேன். பிறகு புத்தி வந்தது. இன்றைக்கு எனக்குக் காயின் பெயர் வேண்டாம், விலை வேண்டாம், நிறம்தான் வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தபோது மார்க்கெட்டே வேறு மாதிரி தெரிந்தது. அவர் எப்போதும் நிற்கிற வெள்ளைப் பக்கத்தைத் தாண்டிப் போனேன். பரங்கிக்காய் வெட்டி வைத்திருந்தவனிடம் பத்தை பத்தையாகப் புரட்டிப் பார்த்தேன். வெளிறிப் போனதை எடுத்துக் கொடுத்தான்.

"இது வேணாம். உள்ள நல்லா செவந்திருக்கறதா குடு."

"எல்லாம் ஒரே காய்தாம்மா."

"ஒரே காய்னா நீ அத வெச்சிக்கோ, எனக்கு இத குடு."

முறைத்துக்கொண்டே கொடுத்தான். பப்பாளியில் பச்சை மாறி மஞ்சள் ஏறியதைப் பொறுக்கினேன். கீரைக்காரியிடம் தண்ணீர் தெளித்துப் பளபளவென்று வைத்திருந்த கட்டைத் தள்ளிவிட்டு, ஓரத்தில் கிடந்த முருங்கைக்கீரைக் கட்டின் காம்பைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளினால் பட்டென்று ஒடிய வேண்டும், தண்ணீர் தெளித்த அழகெல்லாம் வீட்டுக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். "பூச்சி கடிச்சிருக்கேம்மா அந்தக் கட்டு" என்றாள் அவளே. பூச்சி தின்றால் என்ன, நான் கேட்டது அழுத்தமான பச்சை, அந்தக் கட்டுதான் கரும்பச்சையாக இருந்தது. கறிக்கடையில் ஈரலைத் தையல் இலையில் மடித்துக் கொடுத்தார்கள். பெண் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது மஞ்சளா, இது பச்சையா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் காட்டிய ஒரு பப்பாளி நான் பொறுக்கியதைவிட நன்றாக இருந்தது. மாற்றிக்கொண்டேன்.

பை நிறைந்தது. பரங்கியும் பப்பாளியும் அடியில், முட்டை நடுவில் வைக்கோலோடு. கீரை தன்னால் மேலே வந்துவிட்டது. முருங்கைக்கீரை இரண்டு பக்கமும் வழிந்தது.

தெருவுக்குள் நுழைந்தேன். வாசலுக்கு வாசல் கண்கள் பைக்குப் போய், என் முகத்துக்கு வந்து, மறுபடி பைக்குப் போயின. நான் வேண்டுமென்றே மெல்ல நடந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ராஜநடை நடந்தது என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

சமையல் முடிவதற்குள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். முதலில் சொல்தா வீட்டு அக்கா, முந்தானைக்குள் ஒரு கிண்ணம் பருப்பை மறைத்துக்கொண்டு. "கஷ்ட காலத்துல கேக்க வெக்கப்படாத, கண்ணு. மில்லுன்னா அப்படித்தான்." நான் எவ்வளவோ சொல்லியும் பருப்பை வைத்துவிட்டுத்தான் போனார். அந்த அக்கா போனதும் மில் தொழிலாளர் சங்கத்துக்காரர் இரண்டு ஆட்களோடு வந்து நின்றார். "எந்த செக்ஷன்ல நிறுத்துனாங்க, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லவேண்டாமா, நாளைக்கே மானேஜர்கிட்ட போறோம்" என்று குதித்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "வேல இருக்குது. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல" என்றார். அவர்கள் நம்பவில்லை என்பது போகும்போது தோளைத் தட்டிக்கொடுத்ததிலேயே தெரிந்தது. மறுநாள் காலையில் மில் சங்கு ஊதியதும் இவர் வேலைக்குக் கிளம்பும்போது, நிஜமாகவே உள்ளே விடுகிறார்களா என்று பார்க்க இரண்டு பேர் பின்னாலேயே போனார்களாம்.

அந்த ஞாயிறு மிச்சப் பொழுதெல்லாம் அவர் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. நாளெல்லாம் பஞ்சுத் தூசியில் நிற்கிற மனுஷனுக்குத் தெருவில் கிடைக்கிற ஒரே மரியாதையை நான் தட்டிப் பறித்துவிட்டேன். ஆனாலும் அடுத்த ஞாயிறும் பையை நான்தான் எடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறும்.

எங்கள் வீட்டில் எனக்கு நிஜமான எதிரி அவர் இல்லை, என் பெண். பப்பாளியும் முட்டையும் தின்பாள். ஈரலை முகம் சுளித்துக்கொண்டு விழுங்குவாள். கீரையைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொள்வாள். டின்பால் கண்ட நாக்கு, விடுமா? அடித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், வெல்லம் காட்டிப் பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்து வந்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நான் தின்னா நீ திம்பியா?"

"நீதான் திங்க மாட்டியே."

அவர் என்னைப் பார்க்காமல் தட்டை நீட்டினார். கரண்டி நிறையக் கீரையை வைத்தேன். மறுபடி வேலை கிடைத்த நாளிலிருந்து கீரையைத் தொடாத மனுஷன், ஒரு உருண்டை பிசைந்து வாயில் போட்டு, மென்று, விழுங்கி, நாக்கை நீட்டிக் காண்பித்தார். பெண் வாயைத் திறந்தாள். ஒரு கவளம் அவருக்கு, ஒரு கவளம் அவளுக்கு. நான் அடுப்பங்கரைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அவர் உட்காராமல் அவள் உட்கார மாட்டாள். கண் எப்படி இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்கப் பயம். அந்தி வந்ததும் நான் முதல் வேலையாக விளக்கை ஏற்றிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லில் அவசர வேலை இருக்கிறது என்று காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். அவர் வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மார்க்கெட் மூடுவதற்குள் போகலாம் என்று மூன்று பேருமாகக் கிளம்பினோம். பையை அவர் எடுத்துக்கொண்டார். மார்க்கெட்டில் நான் பொறுக்கினேன், அவர் அடுக்கினார். கீரையை நீட்டியபோது ஒரு நொடி தயங்கினார். வாங்கி மேலே வைத்தார். மேலே துண்டு போடவில்லை.

திரும்பும்போது நன்றாக மசங்கிவிட்டது. தெரு விளக்கு இன்னும் எரியவில்லை. பெண் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு முனை வந்ததும் விரலை விட்டாள். விட்டுவிட்டு முன்னால் போனாள். நான் கூப்பிட வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பினாள். "அப்பா, பாத்து வா. கண்ணுக்குட்டி கவுறு குறுக்க கெடக்குது. தாண்டி வா."

எனக்கு அந்தக் கயிறு தெரியவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. முளையிலிருந்து தெருவுக்குக் குறுக்கே, மண் நிறத்தில், மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

அவர் பையை நடுத்தெருவில் இறக்கி வைத்தார். "எங்கம்மா? அப்பாவுக்குத் தெரியலியே."

"இதோ" என்று குனிந்து விரலால் தொட்டுக் காண்பித்தாள்.

"இன்னொரு தரம் காட்டு."

காட்டினாள். அவர் மூன்றாம் தரமும் காட்டச் சொன்னார். அவள் சலித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். எதிலும் இடித்துக்கொள்ளாமல், எதையும் தடவாமல், அந்த மசங்கலில் ஓடினாள்.

முனை வீட்டு வாசலில் யாரோ ஒருவர், வேறு மில்லுக்காரத் தெருவிலிருந்து வந்த விருந்தாளி, நின்றிருந்தார். நடுத்தெருவில் நிற்கிற பையையும் அதிலிருந்து வழிகிற முருங்கைக்கீரையையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னாண்ணே, மில்லுல நிறுத்திட்டாங்களா?" என்றார்.

என் வீட்டுக்காரர் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். தெரு மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வேல இருக்குதுப்பா. எம் பொண்ணுக்குக் கண்ணு தெரியுது."